கோமதிநாயகம் எதற்குப் பயந்தார்

அண்ணாச்சியின் மகள் மீனா போன் செய்தபோது நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க. சாய் போடச் சொன்னாங்க, நான் போட்டுக் கொண்டு வர்றதுக்குள்ள…" என்றாள். தில்லியில் பிறந்து வளர்ந்த பெண். அதற்கு மேல் தமிழ் வரவில்லை, இந்தியில் அழுதாள். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு.

அமைச்சகத்தில் அவர் செக்‌ஷன் ஆபீசர், நான் அதே செக்‌ஷனில் அசிஸ்டென்ட். பதினோரு வருஷம் எதிரெதிர் மேசை. அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் அவர் ஒரு பயந்தாங்கொள்ளி என்பதும் தெரியும். ஐ.என்.ஏ. மார்க்கெட் முன்னால் சாலையைக் கடக்க யாராவது துணைக்கு வரும்வரை மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருப்பார். இரங்கல் கூட்டத்திலும் அதைச் சொல்லிச் சிரித்தோம், நானும் சிரித்தேன். அப்போது ஒருவர், "பாவம், ஒரு தடவை பெரிய தப்புப் பண்ணி மெமோகூட வாங்கினார்" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது. இதை எழுதுவது அதனால்தான்.

பல வருஷங்களுக்கு முன்பு எங்கள் செக்‌ஷனில் ஒரு மசோதாவின் வரைவு ஓடிக்கொண்டிருந்தது. கொடுமையைக் கண்ணால் பார்த்து நிலைகுலைந்துபோன குழந்தைகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அரசு என்னென்ன செய்யவேண்டும் என்பதற்கான சட்டம். அந்தக் காகிதக் குவியலுக்கு நடுவே தமிழில் ஒரு மனு வந்தது. எழுதியவள் ஜுக்கி எனப்படும் குடிசைப் பகுதியில் இருந்த ஒரு தமிழ்ப் பெண், வீட்டு வேலை செய்பவள். கட்டட வேலைக்குப் போன அவள் புருஷனைக் கான்ட்ராக்டரின் ஆட்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள். ஒன்பது வயது மகள் அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து குழந்தை வாய் திறக்கவில்லை. ஜாமீனில் வந்தவர்கள் சாட்சியான குழந்தையைத் தேடுகிறார்கள். வேறு ஜுக்கிக்கு மாறி ஒளிந்திருக்கிறோம், பத்திரமாக ஓர் இடமும் வைத்தியமும் வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

அண்ணாச்சி அன்று லீவு. மனுவை நானே மொழிபெயர்த்து, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பினேன். யார்மேல் புகார் வந்தாலும் அவர்களுக்கு ஒரு நகல் அனுப்பி விளக்கம் கேட்பது ஆபீஸ் வழக்கம். கை அதுபாட்டுக்கு டைப் செய்தது. கான்ட்ராக்டருக்கு ஒரு நகல், மேலே அந்தத் தாயின் புது விலாசத்தோடு. அவன் ஆபீஸ் பக்கத்தில்தான் என்பதால் பியூனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலை அண்ணாச்சி ஃபைலைப் புரட்டியவர் எழுந்து நின்றுவிட்டார். "என்னம்மா பண்ணி வச்சிருக்கிய? பிள்ள இருக்க எடத்த அவனுவளுக்கே எழுதிக் குடுத்துட்டியளே!" இருவரும் ஓடிப்போய் ஓர் ஆட்டோ பிடித்தோம். ஆட்டோவில் வழியெல்லாம் "பையா, ஜல்தி, ஜல்தி" என்று டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார்.

ஜுக்கி வாசலில் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "இப்பத்தான் ரெண்டு ஆளுங்க வந்து விசாரிச்சிட்டுப் போனானுங்க. அவ பொண்ணைக் கூட்டிக்கிட்டு வேலைக்குப் போயிருக்கா. மறுபடி வர்றோம்னானுங்க." சந்து முனையில் இரண்டு மணி நேரம் நின்றோம். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சிக்கு வியர்த்துக் கொட்டியது. "எனக்கு நெஞ்சு படபடங்குது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் நகரவில்லை. தாயும் மகளும் வந்ததும், மாற்றுத் துணிகூட எடுக்கவிடாமல் அப்படியே மோதி பாக் பகுதியில் இருந்த அரசுக் குவார்ட்டர்ஸுக்கு, தன் வீட்டுக்கே கூட்டிப்போனார்.

அரசுக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கலாமே என்றேன். அங்கே குழந்தையைத்தான் எடுப்பார்கள், தாய்க்கு இடமில்லை. "தாயையும் பிரிச்சிட்டா அந்தப் பிள்ளைக்கு வேற என்ன இருக்கு?" என்றார்.

பதினோரு நாள் அங்கே இருந்தார்கள். குழந்தை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தாள். அவர் மனைவி, நான், பார்க்க வந்த டாக்டர் என்று எல்லோரும் "பயப்படாதே, பயப்படாதே" என்றோம். அண்ணாச்சி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. நான் சன்னலப் பாத்துக்கிடுதேன், நீ கதவப் பாத்துக்கிடுதியா?" என்று கேட்டார். சற்று நேரத்தில் குழந்தை வெளியே வந்து கதவருகே உட்கார்ந்தாள். பேசவில்லை. ஆனால் அன்று சாப்பிட்டாள்.

ஒரு பெண் வக்கீல் இருவரையும் வேறு ஊருக்கு அனுப்பிவைத்தார். எந்த ஊர் என்று அண்ணாச்சி கேட்கவில்லை. "தெரிஞ்சா நான் பயத்துல உளறிருவேன்" என்றார்.

நடந்தது எப்படியோ மேலே தெரிந்து, விளக்கம் கேட்டு அண்ணாச்சிக்கு மெமோ வந்தது. 'மேற்பார்வையில் நேர்ந்த தவறு, பொறுப்பு என்னுடையது' என்று அவர் பதில் எழுதினார். லீவில் இருந்தவர்! எனக்கு அது பதவி உயர்வு வரவேண்டிய வருஷம். எழுந்து போய் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. நகல் அனுப்பியது நான். இத்தனை வருஷம் கழித்து, அவர் போனபிறகு சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிறகு அந்த வரைவில் இரண்டு வரிகளுக்காக அவர் மல்லுக்கு நின்றார். குழந்தையின் பெயரும் விலாசமும் சுற்றுக்குப் போகும் எந்தக் காகிதத்திலும் இருக்கக்கூடாது என்பது ஒன்று. தாயையும் பிள்ளையையும் ஒரே கூரைக்குக் கீழ் வைக்கவேண்டும் என்பது இன்னொன்று. உயரதிகாரி ஒருவர், "நீங்கள் ஒருவர் பயப்படுகிறீர்கள் என்பதற்காகச் சட்டத்தை மாற்ற முடியுமா?" என்று கேட்டார். அண்ணாச்சிக்குக் குரல் நடுங்கியது. "பயப்படாதவங்க மட்டும் உக்காந்து எழுதினா, பயந்த பிள்ளைக்கு அதுல எடம் இருக்காது சார்" என்றார். முதல் வரி பாதி தேறியது. இரண்டாவதை அடித்துவிட்டார்கள். அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவேயில்லை.

அந்தக் குழந்தை இப்போது பெரிய பெண்ணாகியிருப்பாள். எங்கிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கான்ட்ராக்டரின் பெயர்ப்பலகையை மட்டும் இன்றைக்கும் தில்லியில் பார்க்கிறேன், புதுக் கட்டடங்களின் வேலிகளில். இந்த அஞ்சலியை முதலில் எழுதியபோது அவள் பெயரை இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். அழகான பெயர். அவள் கண்ணில் இது பட்டால் அண்ணாச்சி போன சேதி தெரியுமே என்ற ஆசை. எழுதி முடித்துப் படித்தபோது பயம் வந்தது. இது இன்னும் யார் யார் கையில் போய்ச் சேரும்? இரண்டு இடத்திலும் அடித்தேன். அடித்தது தெரியக்கூடாதென்று வேறு தாளில் எழுதினேன், பழைய தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எனக்கு இந்தப் பயம் முன்பு கிடையாது. இது அவருடையது.