கன்னியம்மாளின் களிமண் வகுப்பு

கன்னியம்மாளுக்கு இருபத்திரண்டு வயதில் புருஷன் செத்துப்போனான். அண்ணி முகம் பார்த்துச் சோறு தின்ன மனசில்லாமல் பட்டணத்துப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். இரண்டு வருஷம் படித்து, 1936-ல் கள்ளிக்குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரம்மாவாக வந்தாள். நாலைந்து வயசுப் பிள்ளைகள் படிக்கும் குழந்தைகள் வகுப்பு அவளுடையது. பள்ளிக்கூடத்தை நடத்தியவர் உலகநாதன். தலைமை வாத்தியாரும் அவரேதான்.

சின்னப் பிள்ளைக்குப் படிப்பு விளையாட்டு வழியாகத்தான் ஏறும் என்று பயிற்சியில் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். அதற்கென்று ஒரு சாமானும் அங்கே இருந்தது. சீமையிலிருந்து வந்த பெட்டி, உள்ளே வண்ணம் பூசிய மரக்கட்டைகள். ஆனால் அது பீரோவில் பூட்டிக் கிடந்தது.

"பிள்ளைங்க கையில குடுக்கலாமே ஐயா."

"அழுக்காக்கிடும்மா. சோதனைக்கு வர்ற அதிகாரி பாக்கத்தான் அதை வாங்கிவெச்சது. நீ அரிச்சுவடியைச் சொல்லிக்குடு, போதும்."

அவள் விடவில்லை. ஏரியிலிருந்து கூடை கூடையாகக் களிமண் சுமந்து வந்து பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டினாள். புளியங்கொட்டை, கொட்டாங்கச்சி, உடைந்த முறம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தாள். காலையில் பிள்ளைகள் பலகையில் எழுதினார்கள், மத்தியானம் மண்ணில் புரண்டார்கள். பள்ளிக்கூடம் என்றால் ஓடி ஒளிந்த பிள்ளைகள் மணியடிக்கும் முன்பே வந்து நின்றார்கள்.

அவர்களில் பொன்னியம்மா என்று ஒரு பெண். ஐந்து வயசாகியும் வாய் திறந்து ஒரு சொல் பேசியதில்லை. தாய் முனியம்மா செங்கல் சூளையில் மண் மிதிப்பவள். "ஊமையின்னு சொல்றாங்கம்மா. ஊட்டுல தனியா உட முடியல, இங்க ஒரு மூலையில குந்தவெச்சுக்கோ," என்று விட்டுப்போனாள்.

பொன்னி மூலையில் உட்காரவில்லை. காலி தீப்பெட்டியில் களிமண்ணை அடைத்து, தட்டி, குட்டிக் குட்டிச் செங்கல்லாக அறுத்தாள். வரிசையாக வெயிலில் காயவைத்தாள், அடுக்கினாள், நடுவில் நெருப்பு வைக்க வழியும் விட்டாள். கன்னியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தானும் கல் அறுத்தாள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாள் ஒரு பயல் ஓடிவந்து அடுக்கின் மேல் கால் வைத்துவிட்டான். பொன்னி துள்ளி எழுந்தாள்.

"மிதிக்காதே! எங்கம்மா கல்லு!"

அன்று சாயங்காலம் முனியம்மா மகளின் வாயையே பார்த்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு பொன்னி ஓயாமல் பேசினாள்.

தை மாதம் அதிகாரி வந்தார். களிமண்ணை முன்தினமே அள்ளிக் குட்டையில் போடச் சொல்லிவிட்டார் உலகநாதன். பிள்ளைகள் கை கட்டி, வாய் பொத்தி உட்கார்ந்தார்கள். மேசைமேல் சீமைப் பெட்டி திறந்திருந்தது. அதிகாரி குனிந்து பார்த்து, "புதுசு கலையாம வெச்சிருக்கீங்களே!" என்று மெச்சினார்.

கல் மாதிரியே சதுரம் சதுரமாகக் கட்டைகள் இருந்தால் பொன்னி சும்மா இருப்பாளா? எழுந்து போனாள். ஒன்றன்மேல் ஒன்றாக நாலு கட்டையை அடுக்கி, அதிகாரியின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "சூளை பாரு, நைனா!" என்றாள். உலகநாதன் பாய்ந்து அவளை இழுத்ததில் ஒரு கட்டை கீழே விழுந்து முனை பெயர்ந்தது. அதிகாரி முகம் சுளித்தார்.

அதிகாரியின் வண்டி ஏரிக்கரை தாண்டியதும் உலகநாதன் பிரம்பை எடுத்தார். குழந்தை கையைப் பின்னால் மறைத்துக்கொண்டது.

"கையைப் பிடிம்மா," என்றார் கன்னியம்மாளிடம். "இல்லேன்னா நாளையிலேருந்து நீ வரவேணாம்."

அண்ணி வீட்டு அடுப்படி அவள் கண்ணில் வந்து போனது. குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து நீட்டினாள். ஆறு அடி. முதல் அடிக்கு "வாத்தியாரம்மா!" என்று கத்தினாள் பொன்னி. மற்ற ஐந்துக்கும் சத்தமில்லை.

அதுதான் அவள் கடைசியாகப் பேசிய சொல். பத்து நாள் கழித்து முனியம்மா வந்தாள்.

"நல்லா பேசிகினு இருந்திச்சே. இன்னா ஆச்சும்மா?"

"காய்ச்சல் வந்து போயிருக்கும்," என்றாள் கன்னியம்மாள், பலகையைத் துடைத்தபடி.

முனியம்மா மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு சூளைக்கே போய்விட்டாள். அங்கே ஆறு வயசில் பொன்னி மண் சுமக்கத் தொடங்கினாள்.

கன்னியம்மாள் வேலையை விடவில்லை. பிள்ளைகளைக் கை கட்டி உட்காரவைத்து 'அ, ஆ' கத்தவைத்தாள். மறுவருஷம் அதிகாரி, இந்த வகுப்பின் ஒழுங்கு மற்றவர்களுக்குப் பாடம் என்று எழுதிவிட்டுப் போனார். பெற்றவர்களுக்கும் திருப்தி. அவள் கையிலும் பிரம்பு ஏறியது.

1942-ல் யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது, பக்கத்து அம்பத்தூரில் வந்து தங்கிய ஒரு வக்கீலின் மனைவி அவளைத் தேடி வந்தாள்.

"எங்க குழந்தைகளுக்கு விளையாட்டு வழிப் படிப்பு வேணும். நீங்க பயிற்சி எடுத்தவங்களாமே. சம்பளம் இரட்டிப்பாத் தர்றேன், வர்றீங்களா?"

கன்னியம்மாள் பொன்னியின் மணிக்கட்டைப் பிடித்த தன் கையைப் பார்த்தாள்.

"எனக்கு அது தெரியாதும்மா," என்றாள். "வேற யாரையாவது பாருங்க."

உள்ளே நாற்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் போய்ப் பாடத்தைத் தொடர்ந்தாள்.