இருபதாவது மூவில் நான் வெட்டிய ஆட்டம்

லிங்கம் போய்விட்டான்.

நேற்று காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறான். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது... இன்று மதியம் அடக்கம் செய்தாயிற்று.

நம் செஸ் குரூப் நண்பர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டரிடம் கேட்டு ஆடுகிறான் என்று நாம் வெளியே அனுப்பிய அதே லிங்கம்தான். நாம் என்ன நாம்... நான்.

ஒரு வரி அஞ்சலி போட்டுவிட்டு நகர்ந்துவிடத்தான் பார்த்தேன். கை வரவில்லை.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நானும் அவனும் ஒரே லயத்து வரிசை வீடுகள், ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். அவன் எட்டாம் வகுப்போடு நின்று, தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிக்கு வேலைக்குப் போனான். நான் படித்துவிட்டு அதே ஃபேக்டரியில் கிளார்க் ஆனேன்.

நான் ஆபீஸுக்குள் போன முதல் நாளே அவன் வாயில் "டேய்" போய் "ஐயா" வந்துவிட்டது. அப்படிக் கூப்பிடாதே என்று நானும் சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஆடுவோம். அட்டைப்பெட்டியைக் கிழித்து பேனாவால் அவனே கட்டம் போட்ட போர்டு. கறுப்புக் காய் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கரோ-கான் என்கிற தொடக்கம்தான் ஆடுவான். நான் e4 என்றால் அவன் c6. வேறு எதுவும் தெரியாதா என்று ஒருநாள் சீண்டினேன்.

"கதவ சாத்துறதுக்கு முந்தியே பிஷப்ப வெளிய எடுத்துடலாங்க ஐயா. அது போதும்" என்றான்.

செக் வைக்கும்போதும் மரியாதை குறையாது. "செக்குங்க ஐயா" என்பான். நான் ஜெயித்தால் அது எனக்குச் சிரிப்பு. தோற்றால் எரிச்சல்.

பிறகு எனக்கு ஹட்டனில் வேறு வேலை கிடைத்தது. வாடகை வீடு, வைஃபை... எங்கள் ஆட்டமும் ஆன்லைனுக்குப் போய்விட்டது.

போன வருஷம் நம் குரூப் டோர்னமெண்ட். ஒரு மூவுக்கு ஒரு நாள் டைம். ஜெயிப்பவருக்கு ஹட்டன் டீமில் இடம். கடைசி ரவுண்டில் நானும் அவனும்தான். எனக்கு வெள்ளை.

e4, c6. d4, d5. நான் e5 என்று தள்ளினேன். உடனே பிஷப் வெளியே வந்தது. அப்புறம் e6 என்று கதவைச் சாத்தினான். c5 என்று என் நடு சிப்பாய்களை உடைத்தான். ஒன்றரை மாதம் இழுத்த ஆட்டம். கடைசியில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு பொறுமையாகக் கொண்டுபோய் ஜெயித்தான்.

எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். கொழும்பில் யாராவது அந்த ஆட்டம் ஆடியிருந்தால் பிரமாதம் என்று நானே எழுதியிருப்பேன். கொழுந்து வாட்டுகிறவன் ஆடினால் சந்தேகம் வருகிறது.

ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் அனலிசிஸ் போட்டுப் பார்த்தேன். அவனுடைய முதல் இருபது மூவ் ஒரு பிழைகூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டேன். கூடவே, "இவர் மூவ் ஒவ்வொன்றும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் வருகிறது. பகல் முழுக்க யாரிடம் கேட்கிறார்?" என்று ஒரு கேள்வி.

லைக் வந்து குவிந்தது. அட்மின் அவனை நீக்கிவிட்டு பாயிண்டை எனக்குக் கொடுத்தார். டீமில் நான் ஆடினேன். இதே பக்கத்தில் போட்டோவும் போட்டேன்... நீங்கள் எல்லோரும் வாழ்த்தினீர்கள்.

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை நான் இருபதோடு வெட்டினேன். இருபத்திநான்காவது மூவில் அவனுக்கு ராணியால் ஒரு செக் இருந்தது, அடுத்த மூவில் மேட். அவன் அதைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் கிடந்த ஒரு சிப்பாயை எடுத்தான். எந்தக் கம்ப்யூட்டரும் அதைத் தவறவிடாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஐந்து மணி விஷயமும் தெரியும். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது, ஃபேக்டரியிலும் கிடையாது. வேலை முடிந்து தண்ணீர் டேங்க் மேட்டுக்கு ஏறினால்தான் போனில் இரண்டு கோடு வரும். கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவியோடு பேச நானே தினம் அந்த மேடு ஏறியவன்தான். மறந்துவிட்டேன் என்றால் அது பொய்.

நீக்கிய மறுநாள் எனக்கு மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பினான். "நான் யார்ட்டயும் கேக்கலங்க ஐயா. நேர்ல ஒரு ஆட்டம் ஆடுவோம். போன வெளிய வச்சிட்டு."

படித்தேன். பதில் போடவில்லை. அதற்குப் பிறகு அவனும் எதுவும் அனுப்பவில்லை.

இன்று சாவு வீட்டில் அவன் மனைவி செல்வி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். எல்லாம் தெரிந்துதான் வருகிறாள் என்று நினைத்தேன். அவன் அவளிடம் எதையுமே சொல்லவில்லை என்பது பேசிய பிறகுதான் தெரிந்தது.

"ஆபீஸ் ஐயாவ ஜெயிச்சிட்டேன்னு அன்னைக்கு கோழி வாங்கிட்டு வந்தாருங்க. நான் நம்பல, சும்மா சொல்றாருன்னு சிரிச்சேன்" என்றாள். "நெசமாவே ஜெயிச்சாருங்களா ஐயா?"

"நெசந்தாம்மா. அவன்தான் ஜெயிச்சான்" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஷெல்ஃபில் அந்த அட்டை போர்டு இருந்தது. அதற்கு மேல் நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

இதை டேங்க் மேட்டில் நின்றுதான் டைப் செய்கிறேன். கீழே சிக்னல் இல்லை. மணி ஐந்தேகால்.

முழு ஆட்டத்தையும் கமெண்டில் போடுகிறேன், கடைசி மூவ் வரை. அட்மின், அந்த பாயிண்டை அவன் பேருக்கு மாற்றிவிடுங்கள்.

தோத்துட்டேனுங்க லிங்கம் ஐயா.

போயிட்டு வாங்க.