வண்டிக்குக் காவல் இருந்த நாட்கள்

லிங்கராஜபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு கேட் கிடையாது. வாசற்படி இறங்கினால் தெரு. வண்டியைத் தெருச் சுவரை ஒட்டித்தான் நிறுத்த வேண்டும். திருப்பத்தூரிலிருந்து வேலைக்காக பெங்களூர் வந்து ஆறு வருடம் பஸ்ஸில் பீன்யாவில் இருந்த கம்பெனிக்குப் போய்வந்த பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு புது ஸ்கூட்டர் வாங்கினேன். ஏழு மாதம் ஓட்டினேன். ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கரண்ட் ஆபீஸில் பில் கட்டிவிட்டு ரசீதோடு வெளியே வந்தபோது வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது.

வேறு எங்கோ நிறுத்திவிட்டு மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆபீஸ் இருந்த சந்தின் கடைசி வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மூன்றாவது முறை நடக்கும்போது எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தி, என்ன தேடுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள். காலி இடத்தைக் கையால் காட்டினேன்.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்ட ஏட்டு நல்ல மனிதர். ஹேண்டில் லாக் மட்டுமா போட்டிருந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கால ஸ்கூட்டர்களுக்கு ஸ்டார்ட் செய்யச் சாவி கிடையாது, உதைத்தால் ஓடும். ஹேண்டிலை ஒரு பக்கம் வேகமாகத் திருப்பி உதைத்தால் லாக் உடைந்துவிடும், அரை நிமிஷ வேலை என்று அவர்தான் கையை அசைத்துக் காட்டினார். வண்டி கிடைக்கவே இல்லை.

ஒரு வருடம் கழித்து பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். சாம்பல் கலந்த நீல நிறம். அந்த நிறத்தில் அப்போது தெருவுக்கு நாலு வண்டி நின்றது. இந்த முறை தொலைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். விரல் கனத்துக்கு ஒரு இரும்புச் சங்கிலி வாங்கி, முன் சக்கரத்துக்குள் விட்டு ஃபோர்க்கோடு சேர்த்துப் பூட்டுவேன். பெட்ரோல் குழாயை அடைப்பேன். பக்கத்து மூடியைத் திறந்து ஸ்பார்க் பிளக்கின் தலையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். என் சட்டைப் பைகளில் எல்லாம் கறுப்பு எண்ணெய்க் கறை இருந்தது. என் மனைவி சோப்பை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள்.

கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. வண்டி ஷெட் தெரிகிற ஜன்னல் பக்கமாக மேஜையை மாற்றித் தரும்படி கேட்டு வாங்கினேன். இரும்புத் துண்டை அளந்து மைக்ரோமீட்டரைப் படித்துவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை. மறுபடி குனிந்து அடுத்த துண்டு. யாராவது என் வண்டிப் பக்கம் நின்று பீடி பற்றவைத்தால் அவன் நகரும் வரை என் கை ஓடாது.

மகளுக்குக் காது குத்தியது அல்சூரில் ஒரு கோயிலில். வண்டி நிறுத்திய இடம் உள்ளேயிருந்து தெரியவில்லை. பத்தர் ஊசியை எடுத்தபோது நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வரும்போது இரண்டு காதும் குத்தி முடிந்திருந்தது. குழந்தை என் மச்சான் மடியில் அழுது அழுது விக்கிக்கொண்டிருந்தது. என் மனைவி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மாலையில் பருப்பு கடைந்துகொண்டிருந்தபோது, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அது அழுதப்ப அப்பா அப்பான்னுதான் அழுதுச்சு. நீங்க வண்டியாண்ட இருந்தீங்க."

ஒன்றை மட்டும் அவளிடம் நான் சொன்னதில்லை. அந்த முதல் வண்டியைத் திருடியவன் எனக்குள் ஓர் உருவமாக இருந்தான். ஒல்லியாக, கறுப்பாக, கட்டம் போட்ட சட்டையோடு. பீன்யாவுக்குப் போகும் வழியில், சிக்னல்களில் நிற்கும்போது, அவனைக் கையும் களவுமாகப் பிடிப்பதை நினைத்துப் பார்ப்பேன். சட்டையைப் பிடிப்பேன், அறைவேன், அவன் கெஞ்சுவான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். பச்சை விளக்கு விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்போதுதான் விடுவேன்.

அது தை மாதம். கம்பெனியில் கூட வேலை செய்தவருக்குத் தொம்மலூரில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு அழைப்பில் நான், மனைவி, மகள் மூவரும் போனோம். சத்திரத்துக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே பதினைந்து, இருபது வண்டிகள். நானும் அங்கே நிறுத்திச் சங்கிலி போட்டேன். பட்டு வேட்டியில் இருந்ததால் பிளக்கின் தலையை மட்டும் பிடுங்கவில்லை. அது மனதில் முள்ளாக இருந்தது.

முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். சாம்பாருக்கு அடுத்து ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நிமிஷம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பாதி இலையில் எழுந்தேன். பந்தியில் பாதியில் எழுவது எவ்வளவு மரியாதைக் குறைவு என்று எனக்குத் தெரியும். கையை உதறிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

மரத்தடியில், நான் நிறுத்திய அதே ஓரத்தில், சாம்பல் நீல ஸ்கூட்டரை ஒருவன் ஸ்டாண்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். முன் சக்கரத்தில் சங்கிலி இல்லை. அறுத்துவிட்டான் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்க்கவில்லை. அவன் ஒல்லியாகவும் இல்லை, கட்டம் போட்ட சட்டையும் இல்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். அதையும் நான் பார்க்கவில்லை.

திருடன் என்று கத்தினேன். கன்னடத்திலும் கத்தினேன். ஓடிப்போய் எச்சில் கையாலேயே அவன் கன்னத்தில் அறைந்தேன். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் அதைப் பிடிக்கத்தான் முயன்றான், என்னைத் தடுக்கவில்லை.

"அண்ணா, இது என் வண்டிண்ணா," என்றான்.

தமிழில்தான் சொன்னான். தெளிவாகவே கேட்டது. திருடன் வேறு என்ன சொல்வான் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. இரண்டாவது அறையும் கொடுத்தேன்.

அதற்குள் சமையல் ஆட்கள், ஆட்டோக்காரர்கள், வேன் டிரைவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு என்ன வண்டி, யாருடையது என்று தெரியாது. அந்தப் பக்கம் அந்த வருடம் நிறைய வண்டி காணாமல் போயிருந்தது. ஒவ்வொருவனுக்குள்ளும் ஒரு திருடன் இருந்திருப்பான் போலிருக்கிறது. என்னைத் தள்ளிவிட்டு அவனை அடித்தார்கள். நான் பின்னால் நின்று மூச்சு வாங்கினேன். விடுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. திருப்தியாக இருந்தது. இதை இருபது வருடம் கழித்து எழுதுகிறேன் என்றாலும் இந்த ஒரு வார்த்தையை மாற்றி எழுத எனக்கு வழியில்லை.

ஒருவன் மடக்கு நாற்காலியை எடுத்து வீசினான். அதன் கால் அடி வாங்கிக்கொண்டிருந்தவன் முகத்தில் பட்டது. அவன் இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

சத்திரத்து வாட்ச்மேன் அப்போதுதான் ஓடி வந்தார். தண்ணீர் டேங்கர் உள்ளே வர இடம் போதவில்லை என்று ஓரத்து வண்டிகள் நாலைந்தைத் தூக்கி எதிர்ச்சுவர் பக்கம் வைத்ததாகச் சொன்னார். டேங்கருக்குப் பின்னால் கையைக் காட்டினார். என் வண்டி அங்கே நின்றிருந்தது. சங்கிலியும் பூட்டும் போட்டது போட்டபடி இருந்தன.

திரும்பிப் பார்க்கும்போது கூட்டத்தில் பாதி இல்லை. நாற்காலியை வீசியவனையும் காணவில்லை. சந்தனக்கலர் புடவை கட்டிய ஒரு பெண் பந்தியிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றாள். வலது கை விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. அவள் பின்னால் பட்டுப்பாவாடை கட்டிய இரண்டு சிறுமிகள். அவர்கள் பெண் வீட்டார். வெற்றிலை போதவில்லை, வாங்கிவாருங்கள் என்று யாரோ சொல்ல, அவள் புருஷன் வண்டியை எடுக்கப் போயிருக்கிறார்.

ஆட்டோவில் நான்தான் அவரை ஏற்றினேன். வழியெல்லாம் அவர் தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். அவர் மனைவி ஈரமான முந்தானையைக் கண்ணில் வைத்து அழுத்தியபடி வந்தாள். என்னை அவளுக்கு யாரென்று தெரியாது. உதவிக்கு வந்த யாரோ என்று நினைத்து, சீக்கிரம் போகச் சொல்லுங்கண்ணா என்று இரண்டு முறை சொன்னாள். நான் டிரைவரிடம் சொன்னேன்.

அடிதடிக் காயம் என்றால் ஆஸ்பத்திரியில் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள். கான்ஸ்டபிள் ஒருவர் நோட்டோடு வந்து எப்படி ஆனது என்று கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். கட்டிலில் படுத்திருந்தவர் ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்து, வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று கன்னடத்தில் சொன்னார். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

மன்னித்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். பல நாள் அப்படியே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இடது கண்ணில் பார்வை போய்விட்டது. இரண்டு ஆபரேஷன் செய்தும் வரவில்லை. அவர் பிஸ்கட், மிட்டாய் கம்பெனி ஒன்றுக்கு ஆர்டர் எடுப்பவர். கே.ஆர். புரத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை நாளுக்கு முப்பது கடை ஏறி இறங்குவார். ஒற்றைக் கண்ணால் வண்டி ஓட்டும்போது எதிரே வருவது எவ்வளவு தூரத்தில் வருகிறதென்று பிடிபடவில்லை. இரண்டு முறை விழுந்த பிறகு விட்டுவிட்டார். அந்த வேலையும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். பஸ்ஸில்தான் போவேன், அந்த வாசலில் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் நிறுத்த என்னால் முடியவில்லை. அவர் உட்காரச் சொல்வார். மழையைப் பற்றியோ ரேஷன் கடையைப் பற்றியோ நாலு வார்த்தை பேசுவார். அவர் மனைவிக்கு இதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. டீ கொண்டுவந்து வைப்பாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நாலைந்து மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"போலீஸ்ல உங்க பேர ஏன் சொல்லலன்னு தெரியுமா? கல்யாணப் பொண்ணு என் அக்கா மக. தாலி ஏறின அன்னிக்கே போலீஸ் வந்துச்சுன்னு அவ காலத்துக்கும் பேச்சு கேக்கக் கூடாதுன்னு சொல்லல. உங்களுக்காக இல்ல."

எனக்குத் தெரியாது என்றேன்.

"நீங்க ஒவ்வொரு வாரமும் வரீங்க. வந்தா உங்களுக்கு மனசு லேசாவுது போல. நீங்க போனதுக்கப்பறம் அவரு அன்னிக்கு முழுக்க யாரோடவும் பேசறதில்ல. இனிமே வராதீங்க."

அவர் ஈரத் தலையோடு வெளியே வந்தபோது, கிளம்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு போகவில்லை.

வீட்டில் என் மனைவியிடம் அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்தம்மா சொன்னது சரிதான் என்றாள். பிறகு, நம்ம வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் விற்பதும் எனக்காகச் செய்வதுதானே என்று தோன்றியது. வண்டி இன்னும் நாலு வருடம் எங்களிடம் இருந்தது. ஆபீஸில் மேஜையைப் பழைய இடத்துக்கே மாற்றிக்கொண்டேன். தெருவில் யாராவது திருடன் என்று கத்துகிற சத்தம் கேட்டால் இன்றும் நின்று திரும்பிப் பார்ப்பேன். ஒருமுறை சிவாஜி நகரில் பிக்பாக்கெட் என்று ஒருவனைச் சூழ்ந்திருந்தார்கள். உள்ளே நுழைந்து அவனை மறைத்து நின்றேன். எனக்கும் இரண்டு குத்து விழுந்தது. அவன் உண்மையிலேயே பர்ஸ் எடுத்தவன்தான். போலீஸ் வரும்வரை நின்றேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை; கால் தானாகப் போயிற்று.

கடைசியாக அவரைப் பார்த்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஒரு மத்தியானப் பஸ்ஸில். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவரது இடது பக்கம் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன், அவருக்குத் தெரியவில்லை. நழுவிப் பின்னால் போய்விடலாம் என்று இருந்தேன். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்ட என் குரலைக் கேட்டு முகத்தை முழுசாகத் திருப்பினார். தலை நரைத்திருந்தது. பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உட்காருங்க சார் என்றார்.

உட்கார்ந்தேன். பெரியவள் பத்தாவது எழுதுகிறாள் என்றார். கணக்குதான் கொஞ்சம் உதைக்கிறது, டியூஷன் வைத்திருக்கிறோம் என்றார். ஒரு மளிகை மொத்தக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் பில் போடுகிறாராம். என் மகளைப் பற்றிக் கேட்டார். ஆறாவது என்றேன். நல்லா படிக்க வையுங்க என்றார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் தோள் என் தோளில் பட்டது. எனக்கு இன்னும் மூன்று ஸ்டாப் இருந்தது. ஆனாலும் எழுந்து, வரேங்க என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மிச்ச தூரத்தை வெயிலில் நடந்தேன்.