பேர் கூப்பிட மறுத்த எங்கள் அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. ஹட்டனில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்துவிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய கடைசித் தங்கையின் அன்பு வணக்கம். அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். டீச்சராக இருந்தால் கட்டுரை தானாக வந்துவிடும் என்று எங்கள் வீட்டில் இன்னமும் நம்புகிறார்கள்.

அண்ணன் டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையான லயத்துக் காம்பிராவில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். எங்கள் சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டதால், அம்மா கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். பிறகு வெளிநாட்டுக் கம்பனியொன்று எங்கள் பக்கம் பூத்தோட்டம் போட்டது. அம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அட்டைக்கடி இல்லை, மழைக்குக் கூரை இருந்தது, அழைத்துப்போக வேன் வந்தது. அந்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இறைச்சி சமைத்தார்கள். நான் அதைத்தான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்.

அது எங்கள் நாட்டில் போர் நடந்த காலம். கொழும்பில் ஒரு பெரிய குண்டு வெடித்தது. போர் நடக்கும் நாட்டில் இனித் தொழில் செய்வதில்லை என்று அந்தக் கம்பனி தீர்மானித்ததாம். அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று காலை வேன் வரவில்லை. அம்மாவும் மற்றப் பெண்களும் நடந்தே போனார்கள். கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. சொல்ல ஒரு ஆள்கூட இல்லை. உள்ளே பூக்கள் வெட்டாமல் நின்றன என்று அம்மா வந்து சொன்னார். உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் அந்த மாதமே புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தோட்டத்துத் தேயிலை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நாங்கள் நால்வரும் படித்தது அதனால்தான். கம்பனி என்றால் சொல்லாமல் ஓடுகிறவன் என்று அவர் வெகுகாலம் கசப்பாகப் பேசுவார்.

ஆலையில் அண்ணன் படிப்படியாக உயர்ந்து, தேயிலைத் தயாரிப்புக்கே பொறுப்பான டீமேக்கர் ஆனார். தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்வதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் அண்ணி பட்ட பாடு கொஞ்சமல்ல. கல்யாண வீட்டில் தேத்தண்ணி கொடுத்தால் போதும், சபை திரும்பிப் பார்க்கும்படி ஒரு பெரிய உறிஞ்சல். பிறகு வாய்க்குள் ஒரு சுழற்று. துப்புவதற்கு இடம் தேடும்போது அண்ணி கையைப் பிடித்துக்கொள்வார். தேவாலயப் பாடகர் குழுவிலும் விடாப்பிடியாகப் பாடினார். அதைப் பற்றி இறந்தவர் மரியாதை கருதி வேறொன்றும் எழுதவில்லை.

நுவரெலியாவில் சிறிய ஏற்றுமதிக் கம்பனி நடத்திய முதலாளி ஐயா அண்ணனைத் தேடி வந்து வேலை கொடுத்தார். ராகலையில் அவர்களுக்குத் தேயிலை பொதி செய்யும் ஆலை இருந்தது. சில வருடங்களில் அண்ணனையும் பங்காளியாகச் சேர்த்தார்கள். முதலாளி ஐயா, அவருடைய மகன், அண்ணன் என்று மூவர் கூடித்தான் எதையும் முடிவு செய்வார்கள். கம்பனியின் தேயிலையில் பெரும்பங்கு ரஷ்யாவுக்குப் போனது. அங்கேயே ஒரு பொதி ஆலை வைத்தால் நல்லது என்று யோசனை சொன்னதும், பனியில் போய் நின்று அதைக் கட்டியதும் அண்ணன்தான். லயத்துக் காம்பிராவில் பிறந்தவர் இன்னொரு நாட்டில் ஆலை திறந்தார். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அடக்கமாக எழுதும்படி யாரும் சொல்லவில்லை.

அங்கே போன அண்ணன் செய்த முதல் வேலை, காலையில் பெரட்டு வைத்தது. தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதேதான். ஆலை என்றால் அப்படித்தான் தொடங்கும் என்று அவர் நினைத்திருந்தார். வேறு எந்த நாட்டுக்காரனும் இப்படி ஒரு காரியம் செய்திருக்க மாட்டான். அங்குள்ளவர்கள் முதலில் சிரித்தார்களாம். ஆனால் பேர் கூப்பிட்டதும் ஒவ்வொருவருக்கும் கையில் சூடான தேத்தண்ணி கிடைக்கும். வீட்டில் யாருக்குச் சுகமில்லை, யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று அண்ணன் விசாரிப்பார். குளிரில் அது பிடித்துப்போய், அவர்களும் அதைப் பெரட்டு என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். ஆலையைப் பார்த்துக்கொண்ட நீனா அம்மா, அண்ணன் இல்லாத நாட்களில் தானே நின்று பேர் கூப்பிடுவார். பெட்டி ஏற்றும் பிரிவில் அந்தோன் என்று ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அண்ணனுக்கு அவர் எப்போதும் அந்தோனிதான்.

பிறகு ரஷ்யா உக்ரைன்மீது போர் தொடுத்தது. ஐரோப்பாவில் எங்கள் தேயிலையை வாங்குகிறவர்கள், அங்கே ஆலை வைத்திருப்பீர்களா, மூடுவீர்களா என்று கேட்டு அனுப்பினார்கள். பெரிய பெரிய கம்பனிகள் எல்லாம் வெளியேறுவதாகச் செய்தியில் சொன்னார்கள். முதலாளி ஐயாவின் மகன் நாமும் மூட வேண்டும் என்றார். ஐயா கூடாது என்றார். முடிவு அண்ணன் கையில் வந்தது. அவர் ஆலை இருக்கட்டும் என்றார். தேயிலை துப்பாக்கி அல்ல, ஆட்சி செய்கிறவன் தப்புக்குப் பெட்டி ஏற்றுகிறவனைத் தண்டிப்பதா என்று கேட்டார். அம்மா நின்ற அந்தக் கேட்டைப் பற்றியும் சொன்னாராம். அந்த முடிவுக்காக நானும் அவரோடு சண்டை போட்டேன். அங்கே கட்டுகிற வரி எங்கே போகிறது என்று கேட்டேன். அண்ணனுக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால், உனக்கு இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா என்பார். அன்றும் அதைத்தான் கேட்டார்.

சில மாதம் கழித்து நீனா அம்மா தொலைபேசியில் அழைத்தார். அப்போது நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்திலிருந்து கட்டுக் கட்டாக அழைப்பாணைகள் வந்திருக்கின்றனவாம். வேலை கொடுப்பவரே அவற்றை வேலையாட்களிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டுமாம். கூட வந்த பட்டியலில் அந்தோனின் பேரும் இருந்தது. எப்போது கொடுப்பது என்று நீனா அம்மா கேட்டார். காலையில் பெரட்டில் கொடுத்தால் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள், சுலபம் என்று வந்த அதிகாரியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன், நான் சொல்லும்வரை ஒன்றையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் மூவரும் கூடினார்கள். அங்கே நடந்ததை முதலாளி ஐயாவே இறுதிச் சடங்கன்று எங்களிடம் சொன்னார். அண்ணன் அதுவரை யாரிடமும் பேசாத ஒன்றை அங்கே பேசியிருக்கிறார். எங்கள் நாட்டுப் போர்க்காலத்தில் ஒருநாள் தோட்டத்துப் பெரட்டுக்குச் சீருடைக்காரர்கள் வந்து, சில இளைஞர்களின் பேரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை வழக்கம்போலக் கூப்பிட்டார். எங்கள் மாமா மகன் வேலை பிரிக்கிறார்கள் என்று நினைத்து, இருக்கேன் என்று கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; பல மாதம் கழித்துத்தான் திரும்பினார். அதன் பிறகு அவர் பெரட்டுக்கே வரவில்லை. பேர் கூப்பிட்ட அன்று அண்ணன் அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு அண்ணன் கேட்டாராம்: “பேர் கூப்பிட்டா அவங்க நம்பி முன்னுக்கு வருவாங்க ஐயா. பத்து வருசமா நான் பழக்கி வச்ச நம்பிக்கை அது. அத நான் பட்டாளத்துக்குக் குடுக்கிறதா?”

ஐயா விடவில்லை. “நம்ம மூடிட்டுப் போனா இன்னொருத்தன் வந்து தெறப்பான். அவன் கூப்பிடுவான். என்ன மிச்சம்?”

“அவன் கூப்பிடட்டுங்க. நான் கூப்பிட மாட்டேன்.”

மகனும் அண்ணனும் ஒரு பக்கம் நிற்க, ஆலையை மூடுவதென்று அன்றே முடிவாயிற்று. அதை இங்கிருந்தே ஒரு மின்னஞ்சலில் செய்து முடித்திருக்கலாம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. தானே போக வேண்டும் என்றார். அந்த நாட்டில் பிடித்து வைத்தால் யார் கேட்பது என்று அண்ணி அழுதார். அண்ணன் அண்ணியின் ஜெபமாலையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அங்கே அவர் எல்லோரையும் நிறுத்தி, ஆலை இன்றோடு மூடுகிறது, நீங்கள் யாரும் இனி இங்கே வேலையாட்கள் இல்லை என்று சொன்னார். தர வேண்டியதையும் அதற்கு மேலும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். யார் யாருக்கு அழைப்பாணை வந்திருக்கிறது என்பது அதற்குள் நீனா அம்மா மூலம் அவரவர் காதுக்குப் போயிருந்தது. அந்தோன் அன்று மாலையே மனைவி பிள்ளைகளுடன் எல்லையை நோக்கிப் புறப்பட்டார். சில நாள் கழித்து, அழைப்பாணை வந்த எல்லோரும் எல்லை தாண்டிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, அண்ணன் அழைப்பாணைக் கட்டைப் பிரிக்காமல் கொண்டுபோய் ஆள் எடுக்கும் அலுவலகத்தில் வைத்தார். இந்தப் பேரில் எங்களிடம் வேலையாட்கள் இல்லை என்றார். பொய்யும் இல்லை. அவரை மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்களாம். அந்த மூன்று மணி நேரத்தையும் அண்ணன் எங்களிடம் பகிடியாகத்தான் சொன்னார். அவர்கள் கொடுத்த தேத்தண்ணி மகா மட்டமாம்.

இங்கே கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. ரஷ்ய ஆலைக்குத் தேயிலை அனுப்பியது ராகலை ஆலைதான்; அது போனால் இங்கே பாதி வேலை போய்விடும். அறிவித்தல் ஒட்டினால் போதும் என்று முதலாளி ஐயா சொன்னார். அண்ணன் காலையிலேயே ராகலைக்குப் போய், பொதி செய்யும் பெண்களை நிறுத்தி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வேலை குறையும், சிலருக்கு இல்லாமலே போகும், முடிவு எடுத்தவன் நான்தான் என்றார். சரஸ்வதி அக்கா என்பவர், புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வைத்திருப்பவர், அந்த இடத்திலேயே மண்ணை வாரித் தூற்றினார். “எங்கயோ இருக்கிற வெள்ளக்காரப் புள்ளைக்காக எம் புள்ள வயித்துல அடிக்கிறீங்களா?” என்று கேட்டார். அந்த அக்கா ஏசி முடிக்கும்வரை அண்ணன் அங்கேயே நின்றார். மண் விழுந்த சட்டையுடன்தான் வீட்டுக்கு வந்தார். அண்ணி விசாரித்ததற்கு, அந்த அக்கா கேட்டது நியாயம்தானே என்றார்.

அதன் பிறகு அண்ணன் ஓய்ந்திருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. கம்பனி வாகனத்தை விற்கக் கொடுத்துவிட்டு ராகலைக்குப் பஸ்ஸில் போய் வந்தார். வேறு நாடுகளில் வாங்குவோரைத் தேடினார். பாதிப் பேருக்குமேல் திரும்ப வேலை கிடைத்தது. சரஸ்வதி அக்கா வரவில்லை. மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போனார். முதலாளி ஐயா சொன்னதும் பலித்தது. ரஷ்யாவிலிருந்த ஆலையை வேறொருவர் எடுத்துத் திறந்துவிட்டார். சொந்தக்காரர்கள் சிலர், உன் அண்ணன் மூடியதால் போர் நின்றதா என்று என்னிடமே கேட்டார்கள். நிற்கவில்லை. நின்றதாக அண்ணனும் சொல்லவில்லை. ஆனால் அந்தோன் இப்போது இன்னொரு நாட்டில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் அப்பாவோடு இருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

நெஞ்சு வருத்தம் வந்து அண்ணன் கண்டி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அவருடைய குணம் மாறவில்லை. ஆஸ்பத்திரித் தேத்தண்ணியை உறிஞ்சிப் பார்த்துத் தாதிமாருக்குத் தூள் வாங்க ஆலோசனை சொன்னார். கடைசி எண்ணெய்ப்பூசலான அவஸ்தைப்பூசுதல் பெற்று, அண்ணியின் கையைப் பிடித்தபடி, நோகாமல் போனார். நீனா அம்மா அழுதபடி அனுப்பிய குரல் பதிவு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணனைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கூட இருந்து ஜெபித்த பங்குத்தந்தைக்கும், தூரத்திலிருந்து வந்த உறவுகளுக்கும், பந்தல் போட்டுப் பெட்டி சுமந்த லயத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இறுதிச் சடங்கன்று குசினிப் பக்கம் ஒரு அம்மா காலையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார். சரஸ்வதி அக்காதான் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் வேலையை எடுத்தவர் வீட்டுக்கா வந்தீர்கள் என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

அந்த அக்கா குடத்தை இறக்கி வைத்தார்.

“எடுத்தாருதான். நானும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அது மட்டும் போதுங்க. அங்கிட்டு புள்ளயப் பட்டாளத்துக்குக் குடுத்துட்டு ஒரு தாயும் அவர ஏச வேணாம்.”

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போனார். அக்கா, எங்கள் அண்ணனை அவர் உயிரோடு இருந்தபோது எங்களில் பலர் புரிந்துகொள்ளவில்லை. அவரால் நட்டப்பட்ட நீங்கள் புரிந்துகொண்டீர்கள். இந்த மலரின் முதல் பிரதியை நான் ராகலைக்கு வந்து உங்கள் கையில் தருவேன்.

அண்ணனின் அன்புத் தங்கை,
குடும்பத்தார் அனைவரின் சார்பிலும்