வெள்ளிக்கிழமை தூங்கும் மெஷின்

உக்குவளைச் சந்தியில், ரயில் கடவைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், வெளிநாட்டுக்குப் போன் பேசுகிற ஸஹாப்தீன் நானாவின் கொமியூனிகேஷன் கடை. 2008ஆம் வருஷம் அங்கே ஒரு கொம்பியூட்டருக்கு மார்க்கப்பற்று முற்றிவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. கிழமையில் ஆறு நாள் காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை முணுமுணுக்காமல் வேலை செய்யும். வெள்ளிக்கிழமை நடுப்பகல், நானா ஜும்ஆ தொழப் போன பிறகு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும். நானா தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் உடனே முழித்துக்கொள்ளும். ஊருக்கு வாய் மெல்ல இதைவிட வேறென்ன வேண்டும்!

இந்தக் கூத்தில் உண்மையாகவே வயிறெரிந்த ஒரே ஆள், அந்தக் கடையில் வேலை செய்த டொறீன்தான்.

டொறீனுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. தோட்டத்தில் கொக்கோ ஸ்டோரில் நிறுவைக்காரராக இருந்த ரபாயேலின் மூத்த மகள். பதினோரு வருஷம் கார்மெண்ட்ஸில் காலால் மெஷின் மிதித்தவள். புருஷன் நோபர்ட், கலேவெல பஸ்ஸில் கொண்டக்டர். அதிகாலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். டொறீனிடம் ஒரு குணம் உண்டு. கையில் ஒரு சிக்கு அகப்பட்டால் அவிழ்க்காமல் விடமாட்டாள். கார்மெண்ட்ஸில் ஒருமுறை குறிப்பிட்ட ஒரு மெஷினில் மட்டும், தேத்தண்ணி இடைவேளை முடிந்ததும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. சுப்பர்வைசர் அதில் தைத்த பெட்டையைப் பிடித்து ஏசோ ஏசென்று ஏசினான். டொறீன் மூன்று நாள் பொறுமையாகப் பார்த்து, தேத்தண்ணி வாளி கொண்டுவருகிறவன் போகிற போக்கில் நூல் கம்பியை இடித்துவிட்டுப் போகிறான் என்று கண்டுபிடித்தாள். அதற்கு யாரும் அவளுக்கு மாலை போடவில்லை. ஆனால் அந்தப் பெட்டை அழுகையை நிறுத்தினாள், டொறீனுக்கு அது போதும்.

ஒரே மகள் மார்ஜரி ரியாத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. இன்னும் பதினான்கு மாதம் கிடந்தது. அந்த வீட்டு மேடம் கெட்டவள் இல்லை, ஆனால் சட்டக்காரி. மார்ஜரியின் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் கையில் கொடுப்பாள். அன்றைக்கு வீடே பத்தரைவரை தூங்கும். ஒன்பதரையிலிருந்து ஒரு மணி நேரம் மார்ஜரிக்குச் சொந்தம். நம் பக்கத்துக் கணக்கில் அது பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை.

முன்பெல்லாம் சாதாரண போனில் மூன்று நிமிஷம் பேசவே ஒரு நாள் சம்பளம் கரைந்துவிடும். மூன்று மாதத்துக்கு முன் நானா கண்டியில் புஹாரி என்பவரிடம் ஒரு பெரிய கொம்பியூட்டர் வாங்கி வந்து, அதிலிருந்து ஆட்கள் பேசுகிற மூன்று கூண்டுகளுக்கு வயர் இழுத்து, இன்டர்நெட் வழியாக மலிவாகப் பேசும் நெட் கோல் தொடங்கினார். ஆறுதலாகப் பேசலாம் என்று டொறீன் மாதாவுக்கு மெழுகுதிரிகூடக் கொளுத்தினாள். என்ன பிரயோசனம்? அந்தப் பெரிய மெஷினை எல்லாரும் சேர்வர் என்றார்கள். அது நின்றால் மூன்று கூண்டும் நிற்கும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு நானா அதன்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். பன்னிரண்டு இருபதுக்கு லைன் செத்துவிடும். நானாவைத் தவிர வேறு ஆள் அதைத் தொடக் கூடாது என்பது கடைச் சட்டம். முன்பு வேலை செய்தவன் ஒருவன் பழைய கொம்பியூட்டரில் எதையோ அழித்துத் தொலைத்துவிட்டானாம். ஆக, நானா ஒன்றேகாலுக்குத் திரும்பி வரும்வரை கூண்டில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

அங்கே மார்ஜரி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பாள் என்று நினைக்கும்போது டொறீனுக்கு இருப்புக் கொள்ளாது. இங்கே எங்காவது பஸ்ஸில் குண்டு வெடித்ததாக ரியாத் டீவியில் காட்டிய கிழமையென்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பிள்ளை அப்பாவின் பஸ்ஸைப் பற்றிக் கேட்க வாயெடுக்கும்போதே லைன் போய்விடும். பிறகு ஏழு நாள் அது அங்கே எப்படித் தூங்கும்?

நானா சும்மா இருக்கவில்லை. கண்டியிலிருந்து ஒரு பொடியனைக் கூப்பிட்டார். அவன் வந்தது செவ்வாய்க்கிழமை. நானா பக்கத்திலேயே உட்கார்ந்து அதைத் தட்டிக் காட்டினார், இதைத் தட்டிக் காட்டினார். எல்லாம் ஜோராக ஓடியது. அவன் பிளேன்டீ குடித்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போதுதான் நானாவின் மனதில் அந்த எண்ணம் விழுந்தது.

"தங்கச்சி, இது மெஷின்ட கோளாறில்ல," என்றார் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும். முகம் ஒரு மாதிரி இருந்தது. "ஜும்ஆவுக்கு அழைச்சா யாவாரத்த விட்டுட்டு வரணுமெண்டு அல்லாஹ் சொல்லியிருக்கான். நான் மட்டும் தொழப் போய்ட்டு, கடைய ஒங்களுட்ட விட்டு யாவாரம் நடத்துறன். அதான் மூணு மாசமா காட்டித் தாறான். வாற கிழமைக்குப் பொறகு பன்னிரண்டு மணிக்கு ஷட்டர் போடுறது. முடிஞ்ச கத."

டொறீனுக்குத் தலையில் கல் விழுந்தது. பதினைந்து நிமிஷமோ இருபது நிமிஷமோ, கிடைத்ததும் போச்சு! ஆனால் என்ன சொல்ல? அவள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். இன்னொருவரின் இறைவன் காட்டியதை இல்லை என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை? தலையாட்டிவிட்டு, பேச வருகிறவர்களின் அடையாள அட்டை இலக்கம் எழுதுகிற கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த வெள்ளி, அதாவது கடைசி வெள்ளி, நானா துணியைப் போர்த்திவிட்டுப் போனார். டொறீன் மார்ஜரியைப் பிடித்து, முதலில் சுகம் விசாரித்துவிட்டு, கூண்டுக்குள் குரலைத் தாழ்த்தி மெல்ல விஷயத்துக்கு வந்தாள். "பிள்ளை, இனிமே வெள்ளிக்கிழமையில..." அவ்வளவுதான். லைன் போய்விட்டது.

அவளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எழுந்து போனாள், துணியைப் பிடித்து இழுத்தாள், "ஒனக்கு என்னதான் வேணும், சனியனே!" என்று மௌஸைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். உள்ளே விர்ரென்று சத்தம் கேட்டது. திரை வெளிச்சமானது. இரண்டாவது கூண்டில் தோஹாவிலிருக்கும் புருஷன் பலீலுடன் பேச வந்திருந்த ஜெஸீமா, "டொறீன் அக்கா, வந்திருச்சி, வந்திருச்சி!" என்று கூவினாள்.

டொறீன் மௌஸைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தொட்டால் முழிக்கிறது. தொடாவிட்டால் தூங்குகிறது. நானா மற்ற நாளெல்லாம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திரையில் சீட்டு விளையாடிக்கொண்டே இருப்பார். மற்ற வேளைத் தொழுகையும் சாப்பாடும் கடைக்குள்ளேயே பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கிழமையில் ஒரேயொரு மணி நேரம்தான் இதை யாரும் தொடுவதில்லை. அட, இவ்வளவுதானா! கூண்டுக்கு ஓடி மார்ஜரிக்குத் திரும்ப எடுத்துப் பார்த்தாள், அங்கே போன் எடுபடவில்லை.

நானா வந்ததும் டொறீன் ஒளிக்கவில்லை. "நானா, கோவிக்காதீங்க. நான் மெஷினத் தொட்டுட்டேன்."

நானாவின் கண் சிவந்தது. "சொல்லிச் சொல்லித்தானே வச்சேன்!"

"ஏசுறத பொறகு ஏசுங்க. வியாழக்கிழமை ஒரு இருபத்தஞ்சு நிமிஷம் நீங்க இதுல கை வைக்காம இருந்து காட்டுங்க. தூங்கலைன்னா நான் வாயே தெறக்க மாட்டேன்."

சொல்வது லேசு. வியாழக்கிழமை காலை நானா கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் குற்றம் செய்த பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். ஏழு நிமிஷத்தில் அவர் அறியாமலே வலது கை போய் மௌஸைத் தடவியது. "நானா!" என்றாள் டொறீன். மறுபடி முதலிலிருந்து. இந்தமுறை பதினாறு நிமிஷம் தாக்குப்பிடித்தார். அப்புறம் மௌஸில் ஈ இருந்தது என்று தட்டினார். ஈயாவது மண்ணாவது! மூன்றாம் தடவை டொறீன் அவரைக் கடை வாசலுக்கு எழுப்பி அனுப்பினாள். அவர் அங்கே நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக இருபதாவது நிமிஷம் திரை இருண்டது. கூண்டுகளிலிருந்து ஹலோ ஹலோ என்று சத்தம் கிளம்பியது.

"யா அல்லாஹ்," என்றார் நானா. "இன்டைக்கு வியாழனல்லோ!"

உடனே கண்டிக்கு போன் போட்டார். புஹாரி அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு டொறீனுக்கே கேட்டது. "நீங்கதானே நானா, கரண்ட் பில் கூடாம செஞ்சு தாங்கன்னு உசிர வாங்கினீங்க. இருபது நிமிஷம் யாரும் தொடாட்டித் தானா தூங்குற மாதிரி வச்சுவிட்டேன். மறந்துட்டீங்களா?"

நானா மறந்தேதான் போயிருந்தார். புஹாரி போனில் சொல்லச் சொல்ல, டொறீன்தான் திரையில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, இருபது நிமிஷம் என்றிருந்ததை மாற்றி 'நெவர்' என்று வைத்தாள். பிறகு அரை மணி நேரம் மூன்று பேரும், அன்றும் பேச வந்திருந்த ஜெஸீமாவும் சேர்த்துத்தான், அந்த மெஷினைத் தொடாமல் சுற்றி நின்று பார்த்தார்கள். கொட்டாவி விட்டது மனிதர்கள்தான். மெஷின் முழித்தபடியே இருந்தது.

"அப்ப நாளைக்குக் கடை தெறப்போம்தானே, நானா?" என்று டொறீன் கேட்டாள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நானா சிரிக்கவில்லை. "மெஷின்ட வெசயம் வெளங்கிச்சி. ஆனா மூணு மாசமா எனக்கு அந்த குர்ஆன் ஆயத்து ஞாபகத்துல வந்துக்கிட்டே ஈக்கி, தங்கச்சி. அது பொய்யில்லையே. அத எந்த பட்டன அமத்தி மாத்துற?"

டொறீன் கொப்பியை மூடி வைத்தாள். அன்று பொழுது சாய வீட்டுக்குப் போய் நோபர்ட்டிடம் சொன்னாள். "அந்த மனுசன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கே," என்றான் அவன். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். நியாயம் இல்லாமல் இருந்தால் சண்டையாவது போடலாம்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு நானா தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஷட்டரைப் பாதிவரை இறக்கினார். டொறீன் கைப்பையை எடுத்தாள்.

"எங்க போறீங்க? இரிங்க," என்றார் நானா. "இரவு முழுக்க யோசிச்சன். யாவாரம்தான் கூடாது. பெத்த புள்ளையோட பேசுறது யாவாரமா? இந்த ஒரு மணித்தியாலம் யாருட்டயும் ஒரு சதம் வாங்காதீங்க. ஜெஸீமா வந்தாலும் சரி, யார் வந்தாலும் சரி, சும்மா பேசிட்டுப் போகட்டும். மெஷினத் தொடத் தேவையில்ல, இனி அது தூங்காது." பேச்சை வளர்க்காமல் குனிந்து ஷட்டருக்கு அடியால் வெளியே போய்விட்டார்.

டொறீன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூண்டுக்குள் போனாள். மார்ஜரி எடுத்தாள். பழக்க தோஷம், இரண்டு பேரும் மூச்சுவிடாமல் கொட்டினார்கள். அப்பாவின் முழங்கால் வலி, மேடத்தின் புதுக் குழந்தை, கோயில் திருநாள், கால் வெடிப்புக்கு என்ன பூசுவது எல்லாம் ஓடியது. பன்னிரண்டு இருபதானது. டொறீன் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டினாள்.

"அம்மா?"

"இருக்கேன் பிள்ளை. போகல்ல."

பன்னிரண்டரைக்கெல்லாம் பேச்சுத் தீர்ந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை. "வேற என்ன?" என்றாள் டொறீன். "ஒண்ணுமில்லம்மா," என்றாள் மகள். "அப்ப வைக்கவா?"

"வேணாம்மா. சும்மா இருங்க. நான் இன்னும் காலைச் சாப்பாடு சாப்பிடல்ல."

"நானும் பகலைக்குச் சாப்பிடல்ல," என்று டொறீன் சோற்றுப் பார்சலை அவிழ்த்தாள். பருப்பும் நெத்தலியும். அந்தப் பக்கம் ரொட்டி பிய்க்கிற சத்தம் வந்தது, பிறகு கோப்பை வைக்கிற சத்தம். பேச்சே இல்லை. தாயும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அம்மா, நீங்க மெல்லுறது கேக்குது."

"கேக்கட்டும்," என்றாள் டொறீன். "நீ ஆறுதலாச் சாப்பிடு."