மாட்டுக் கொட்டகை போல ஒரு விளையாட்டுக்கூடம்

இன்று மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். போன வாரம் வெயிலில் உடற்பயிற்சி செய்து மயங்கி விழுந்தவர்களில் அவளும் ஒருத்தி. அதனால் நிழலாக ஒரு கூடம் கட்டலாம் என்று பேச்சு.

இன்ஜினியர் பெண் வரைபடத்தைக் காட்டினார். நாலு பக்கமும் சுவர் இல்லை. பனை உத்தரம், மேலே ஓடு. ஃபேன்கூட வேண்டாமாம், காற்றே போதுமாம்.

பின்னாலிருந்து ஒரு அண்ணன் எழுந்தார். "என்னம்மா, அசல் மாட்டுக் கொட்டா மாதிரியில்ல இருக்கு? எம்புள்ள மாடு மேய்க்கக் கூடாதுன்னுதான் சிங்கப்பூர்ல கெடந்து சம்பாதிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார். முருகனை நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"ஏண்ணே, மாட்டுப் பொங்கலுக்கு நாம விழுந்து கும்பிடுற எடந்தானே அது? சரி, மாடெல்லாம் மேயப் போனப்புறம் ஒங்க வீட்டுக் கொட்டாயில யாரு இருந்தா?"

அவர் சிரித்துவிட்டார்.

"நாங்கதான்... உத்தரத்துல தொங்கிக்கிட்டுக் கெடப்போம்."

நானும் அக்காவும் அப்படித்தான். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே வைக்கோல் வாசனையும் காற்றும். யார் அதிக நேரம் தொங்குவது என்று போட்டி. கை வழுக்கினால் வைக்கோல் மேல் விழுவோம். அந்தச் சுகம் இனி வருமா!

அண்ணன் முன்னால் வந்து வரைபடத்தை விரித்தார். "ஒரு உத்தரத்த மட்டும் கைக்கு எட்டுற மாதிரி தாழ வைங்கம்மா. புள்ளைக தொங்கட்டும்."

கூட்டம் ஒத்துக்கொண்டது.

வெளியே வரும்போது, திறப்பு விழா அன்று பெற்றோரும் தொங்கலாமா என்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.

தொங்க வருகிற பெற்றோர் இப்போதே கீழே கமெண்டில் சொல்லிவிடுங்கள். உத்தரம் எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும்.