ராகு காலம் பார்த்த மென்பொருள்

எங்கள் மேனேஜர் ஏதோ கருத்தரங்குக்குப் போய் வந்தார். போகும்போது நன்றாகத்தான் இருந்தார். வரும்போது கையில் ஒரு படிவம். ஓரிடத்துக்காக எழுதிய மென்பொருளை வேறிடத்தில் அப்படியே பயன்படுத்தலாமா என்று ஒன்றாம் படியிலிருந்து ஒன்பதாம் படி வரை மார்க் போட வேண்டுமாம். எங்கள் வீட்டுக் கொலுவுக்கே ஐந்து படிதான்.

போட வேண்டியவள் நான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மாடியில் இயங்கும் பதினோரு பேர் கம்பெனியில் தரம் பார்ப்பதற்கென்று இருப்பவள் நான் ஒருத்திதான். பார்க்க வேண்டியது, மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒன்றுக்கு வரும் வேலைகளைப் பதிந்து டோக்கன் போட அண்ணன் எழுதியது. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, ஆபீசில் எல்லோருக்கும் அண்ணன். வயது ஐம்பதைத் தொடுகிறது. ஏழு மார்க் வந்துவிட்டால் அதை முகப்பேரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு விற்றுவிடலாம், அப்புறம் அவர் நமக்கு எதற்கு என்று மேனேஜர் என்னிடம் மட்டும் சொன்னார். ஏழுக்குக் குறைந்தால் சரிசெய்ய ஆள் வேண்டும், அண்ணன் இருப்பார். இந்த வயதில் வெளியே போனால் அவரை யார் சேர்த்துக்கொள்வார்கள்? இவ்வளவையும் சொல்லிவிட்டு மேனேஜர் பிஸ்கெட் நீட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிஸ்கெட்டையும் எடுத்துக்கொண்டேன்.

நல்லவேளை, மார்க்கைக் குறைக்க நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையேடு எங்கே என்று தேடினால் ஒரே வரி இருந்தது: ‘சந்தேகம் வந்தால் எனக்கு போன் பண்ணவும்.’ நோயாளியின் பெயரைப் போட்டால் ‘உதிரிபாகம்’ என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்தது. சிகிச்சை முடிந்ததும் டெலிவரி, ரீவொர்க், ஸ்கிராப் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். மூன்று மணி வரை ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு யார் பெயரையும் வாங்க மாட்டேன் என்று ஒரே அடம். கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் வந்திருந்தார். கம்ப்யூட்டர் டோக்கன் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று வரவேற்பில் இருந்த பெண் சொல்லிவிட்டாள். நாலரைக்குத் தானாகவே சரியானது. அண்ணனுக்கு போன் போட்டேன். ராகு காலத்தில் புது வேலை எதையும் தொடங்கக் கூடாது என்று பட்டறை முதலாளி கேட்டாராம். இவரும் கிழமைவாரியாக உள்ளே எழுதி வைத்துவிட்டு, எழுதியதையே மறந்துவிட்டாராம். எங்கள் எஸ்டேட்டில் இதைத் தப்பென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்க, நான் மனசுக்குள் நாலு மார்க் போட்டு அண்ணனின் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் விட்டால்தானே? அடுத்த வாரம் முழுக்கத் தலை நிமிராமல் உட்கார்ந்தார். ராகு காலத்தைத் தூக்கினார், ஸ்கிராப்பைத் தூக்கினார், எண்பது பக்கத்துக்குக் கையேடு எழுதினார். எல்லாவற்றையும் என் மேசையில் வைத்து, மறுபடி பார்த்து மார்க் போடச் சொன்னார். நான் அவரை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், மேனேஜர் சொன்னதை ஒன்று விடாமல் கொட்டினேன். செய்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், நான் பார்க்கவே இல்லை என்று கெஞ்சினேன்.

“எனுக்குத் தெரியாதாம்மா? தெரிஞ்சிகினேதான் செஞ்சேன்,” என்றார். “பல்லு வலின்னு ஒரு மன்சன் வந்து குந்திகினு கீறான், என் ப்ரோக்ராம் ராவு காலம் பாத்துகினு கீது. அத்த அப்டியே உட்டுட்டு நான் சோறு துன்னா எறங்குமா?”

எனக்கு அழுகை வந்தது. அண்ணன் மேல் கோபமும் வந்தது. டீ ஆறிப்போயிற்று.

சாயங்காலம் படிவத்தை நிரப்பினேன். எழுதியவரின் துணை இல்லாமல் இயங்குமா என்பது கடைசிக் கேள்வி. ஆம் என்று டிக் அடித்தேன். இவ்வளவு நேர்மையான மதிப்பீட்டைப் பார்த்ததே இல்லை என்று மேனேஜர் கை குலுக்கினார். எவ்வளவு வந்தது என்று அண்ணன் கேட்டார். ஒன்பதுக்கு ஒன்பது என்றேன். முகமெல்லாம் சிரிப்பாக, வீட்டில் காட்ட ஒரு காப்பி கேட்டார். அவருடைய மார்க் ஷீட்டும் வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதமும் பிரிண்டரில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரண்டையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.